கையால் அடைத்த தோட்டாக்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி?

கடையில் வாங்கும் தோட்டாப் பெட்டியின் மேல் எல்லாம் அச்சாகியிருக்கும். எந்த அளவு, எத்தனை எடையுள்ள குண்டு, எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைப் பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் நாமே அடைத்த தோட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. அதன் அடியில் பொறித்திருக்கும் எழுத்து, பித்தளை உறையைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் அந்த உறை முதலில் எந்த அளவில் வெளிவந்தது என்பதையும் மட்டுமே சொல்லும். உள்ளே என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தத் துப்பாக்கிக்காக அடைத்தது என்பது அந்த எழுத்தில் இருக்காது. சில நேரம் அது தவறான தகவலையே தரும். .308 உறையின் கழுத்தைச் சுருக்கி .243 ஆக மாற்றியிருந்தாலும் அடியில் 308 என்றுதான் இருக்கும்.

சேமிப்பு என்றதும் புதியவர்கள் ஈரத்தையும் வெப்பத்தையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அவையும் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் நல்ல டப்பாவும் உலர்ந்த அலமாரியும் இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அடையாளம் குழம்பிய தோட்டா அப்படியல்ல. பார்வைக்குப் பளபளப்பாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். தவறான துப்பாக்கிக்குள் போகும் நாளில்தான் அதன் ஆபத்து வெளிப்படும். அதனால் இந்த வழிகாட்டியில் விவரச் சீட்டு எழுதுவதற்கும் பிரித்து அடுக்குவதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பித்தளை உறை, அதன் அடியில் தட்டியதும் தீப்பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே புகையற்ற வெடிமருந்து (இனி மருந்து), வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளைத்தான் இங்கே தோட்டா என்கிறேன். துப்பாக்கிக் குழல் வழியாக வெளியே பறப்பது குண்டு மட்டும்.

சட்டத்தையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். வீட்டில் தோட்டா அடைப்பது எல்லா நாட்டிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. ஜெர்மனியில் அதற்கென வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு அடைப்பது பொதுவாக அனுமதிக்கப்பட்டாலும், எவ்வளவு மருந்தும் பிரைமரும் வீட்டில் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நீங்கள் வசிக்கும் இடத்தின் விதி, வாடகை வீடானால் வாடகை ஒப்பந்தம், வீட்டுக் காப்பீட்டின் நிபந்தனை ஆகிய மூன்றையும் படித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

1. பெட்டிக்குள் போகும் முன் கடைசிப் பார்வை

தோட்டாவை அடைத்து முடித்ததும் நேரே பெட்டியில் போடாதீர்கள். உறையின் அளவைச் சரிசெய்யும்போது தடவிய மசகு சிறிதும் மிச்சமில்லாமல் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மசகு ஒட்டியிருந்தால் தூசியைப் பிடிக்கும். பிரைமரின் ஓரமாக உள்ளே இறங்கினால் பிரைமரையே கெடுக்கும். துரு நீக்கும் ஊடுருவல் எண்ணெய்கள் இதில் மிக மோசமானவை. அவற்றின் புட்டியைத் தோட்டா இருக்கும் அலமாரியிலேயே வைக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளே தள்ளியோ இருக்க வேண்டும். விரலில் மேடு தட்டினால் அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து வையுங்கள். மொத்த நீளத்தை அளவுகோலால் சரிபாருங்கள். தோட்டா அளவுமானி இருந்தால் அதற்குள் இறக்கிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறியவை மட்டுமே நல்ல பெட்டிக்குப் போக வேண்டும். நல்லதும் சந்தேகத்துக்குரியதும் ஒரே பெட்டியில் ஒரு நிமிடம்கூட ஒன்றாக இருக்கக் கூடாது.

2. சீட்டு எழுதுவது

சீட்டை எப்போது எழுதுவது என்பதில் நான் கண்டிப்பானவன். மருந்துக் குப்பியை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கும் முன் எழுத வேண்டும். குப்பி கண்முன்னே இருக்கும்போது அதன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதலாம். குப்பி உள்ளே போன பிறகு எழுதினால் நினைவிலிருந்து எழுதுகிறோம். மருந்துகளின் பெயர்களோ ஒன்றுக்கொன்று மிகவும் நெருக்கமானவை. நிறுவனம் மாறினாலும் எண் ஒன்றாகவே இருக்கும் மருந்துகள் உண்டு. எரியும் வேகம் மட்டும் வேறு. ஆகவே எண்ணை மட்டும் எழுதாமல் நிறுவனத்தின் பெயரையும் முழுதாக எழுதுங்கள்.

சீட்டில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதல் வரியில் தோட்டாவின் அளவைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்து எந்தத் துப்பாக்கிக்காக அடைத்தது என்பது. அதன் கீழே குண்டின் நிறுவனம், வகை, கிரெயின் கணக்கில் எடை. பிறகு மருந்தின் முழுப்பெயர், அதன் தொகுதி எண், ஒரு தசம இடம் வரை அளவு. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அத்தனை சிறிய அலகு என்பதால் தசமப் புள்ளி தெளிவாகத் தெரியும்படி எழுத வேண்டும். அதைத் தொடர்ந்து பிரைமரின் நிறுவனமும் வகையும், உறையின் நிறுவனம், அது எத்தனையாவது முறை அடைக்கப்பட்டது, மொத்த நீளம், அடைத்த தேதி, கடைசியாக உங்கள் தொகுதி எண்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டைச் சுடுபவை. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா தாராளமாகப் பொருந்தும். அந்த உறுதியான ரிவால்வரை நம்பி ஒருவர் .38 உறையில் கனமான அளவு மருந்தை அடைத்து, பெட்டியின் மேல் .38 என்று மட்டும் எழுதி வைத்தார் என்று கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே பெட்டி ஒரு பழைய, மெலிந்த .38 ரிவால்வருக்குப் பக்கத்தில் வந்து சேரலாம். உறையின் அடியிலும் .38, பெட்டியிலும் .38, துப்பாக்கியிலும் .38. எல்லாம் பொருந்துகிறது, ஆனால் அந்தத் துப்பாக்கி தாங்காது. ‘எந்தத் துப்பாக்கிக்காக’ என்ற ஒரு வரி இருந்திருந்தால் கை நின்றிருக்கும்.

ரைஃபிளிலும் இதே கதைதான். உறையின் கழுத்தை மட்டும் அளவு திருத்தி அடைக்கும் வழக்கம் இருந்தால், அந்த உறை எந்த ரைஃபிளில் சுடப்பட்டதோ அதன் சேம்பருக்குத்தான், அதாவது குழலின் பின்பக்கத்தில் தோட்டா அமரும் அறைக்குத்தான், பொருந்தும். அதே அளவுள்ள மற்றொரு ரைஃபிளில் சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடாமல் அடம்பிடிக்கலாம். ஒரு ரைஃபிளில் படிப்படியாக ஏற்றிக் கண்டுபிடித்த உச்ச மருந்து அளவு, இன்னொன்றில் அழுத்தத்தை எல்லை தாண்ட வைக்கலாம்.

சீட்டை மூடியில் மட்டும் ஒட்டாதீர்கள். கழன்றுவரும் மூடி இன்னொரு பெட்டிக்கு எளிதில் மாறிவிடும். பெட்டியின் உடலில் ஒன்று, உள்ளே மடித்து வைத்த சீட்டு ஒன்று என இரண்டு இருக்கட்டும். அழியாத மையும் எண்ணெய் பட்டால் கரையாத ஒட்டுத்தாளும் நல்லது. பழைய கடைப் பெட்டியில் உங்கள் தோட்டாவைப் போடுவதானால், அச்சாகியிருக்கும் பழைய விவரத்தை முற்றிலும் மறைத்து ஒட்டுங்கள். அடுத்தவர் கண்ணில் முதலில் படுவது பெரிய அச்செழுத்துதான். ஓரத்தில் நீங்கள் எழுதிய சிறிய எழுத்து படாது. என் கருத்தில், கடைப் பெட்டிகளை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

பெயர்ச்சீட்டு கிழிந்துபோன மாத்திரைப் புட்டியைப் போன்றதுதான் சீட்டில்லாத தோட்டாப் பெட்டியும். உள்ளே இருப்பது நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் பயன்படுத்தக் கூடாது.

3. குறிப்பேடு

சீட்டில் இருப்பது சுருக்கம். விரிவான கதை குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்துத் தொகுதி எண் கொடுப்பது எளிது: 2025-07 என்றால் அந்த ஆண்டில் அடைத்த ஏழாவது தொகுதி. அந்த எண்ணின் கீழே மருந்து அளவுகளை எந்தத் தோட்டா அடைப்புக் கையேட்டின் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள், தராசை எப்படிச் சரிபார்த்தீர்கள், எத்தனை தோட்டா, சுட்டபோது எப்படி நடந்துகொண்டன என்று எழுதி வரலாம். கணினியில் வைப்பவர்கள் ஓர் அச்சுப் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் பயன் தெரிவது ஏதாவது தவறும்போதுதான். மருந்து நிறுவனங்களோ பிரைமர் நிறுவனங்களோ ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அந்த எண் எந்தப் பெட்டிகளுக்குள் போனது என்று சில நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். குறிப்பேடு இல்லையென்றால் எல்லாப் பெட்டியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தொகுதிகளைச் சிறியதாக வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

4. பெட்டி

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக்குழி உள்ள, கீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிதான் புதியவருக்கு ஏற்றது. 50 அல்லது 100 தோட்டா கொள்ளும் அளவுகளில் கிடைக்கும். ஒன்றோடொன்று உரசாது, குண்டின் மூக்கு நசுங்காது, எத்தனை மிச்சம் என்பது திறந்ததுமே தெரியும். அடிப்பக்கம் மேலே பார்க்க வைத்தால் எல்லாப் பிரைமரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். மூக்கு மேலே பார்க்க வைத்தால் குண்டின் வகை கலந்திருக்கிறதா என்று தெரியும். எதுவானாலும் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

பெட்டியின் நிறத்தை வைத்து அளவைப் பிரிப்பது நல்ல துணை. ஆனால் நிறம் சீட்டுக்கு மாற்றாகாது. நீலப் பெட்டி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மற்றவருக்குத் தெரியாது. சோதனைத் தொகுதிகளுக்கு உறையின் அடியில் நிறப் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைக்கலாம். பெட்டி கவிழ்ந்து தோட்டாக்கள் தரையில் சிதறினாலும் பிரித்தெடுக்க அது உதவும்.

தோல் வாரிலும் தோல் பைகளிலும் நெடுநாள் வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்தும் அமிலம் பித்தளையில் பச்சைப் பாசிபோல் படியும். வேட்டைக்கோ போட்டிக்கோ போகும் நாளில் வாரில் செருகிக்கொள்ளலாம். திரும்பியதும் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

5. பெரிய டப்பாவும் ஈரமும்

சிறு பெட்டிகளைச் சேர்த்து வைக்க, ரப்பர் விளிம்புள்ள இராணுவ வகை இரும்பு டப்பா நன்றாக உதவும். புதிதோ பழையதோ, ரப்பர் சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடித் தாழிடுங்கள். காகிதத்தை இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்துக்கொண்டால் அந்த இடத்தில் விளிம்பு நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ரப்பர் அங்கே வதங்கிவிட்டது. நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும், இதைச் செய்யுங்கள்.

உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகையானால் வசதி. சிலவற்றில் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். சிலவற்றில் நீலம் இளஞ்சிவப்பாகும். நீல வகையில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் அதைச் சமையல் அடுப்பில் வைத்து உலர்த்த வேண்டாம். சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைத்தான் குடிக்கும். விளிம்பு ஒழுகினால் வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும். எத்தனை பொட்டலம் போட்டாலும் போதாது. மழை பெய்யும் நாளில் டப்பாவை அடைக்காமல், காற்று உலர்ந்த நாளில் அடைப்பது நல்லது.

குளிர்ந்த இடத்திலிருந்து டப்பாவை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த பித்தளையின் மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்வைபோல் படியும். டப்பா அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

எடையையும் மறந்துவிட வேண்டாம். 115 கிரெயின் குண்டுள்ள 9 மி.மீ. தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம். ஆயிரம் சேர்ந்தால் 12 கிலோ. .308 ஆனால் ஏறக்குறைய அதில் பாதி எண்ணிக்கையிலேயே அந்த எடை வந்துவிடும். கனமான டப்பாவை மேல்தட்டில் வைக்காமல் கீழ்த்தட்டில் வையுங்கள். கான்கிரீட் தரையில் நேரே வைக்காமல் ஒரு பலகையின் மேல் வைத்தால் அடிப்பாகம் துருப்பிடிக்காது.

6. எந்த அறை?

குளிர்ச்சியும் உலர்ச்சியும் வேண்டும். அவற்றைவிடவும் முக்கியம், வெப்பநிலை அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது. மனிதர் வசதியாக உட்கார்ந்து படிக்கக்கூடிய உள் அறையின் அலமாரி பெரும்பாலும் போதும். கூரைக்கு அடியிலுள்ள பரண், வெயில் விழும் ஜன்னலோரம், கொதிகலன் பக்கம், சமையலறை, துணி துவைக்கும் இடம், கார் ஷெட் ஆகியவை வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். தோட்டாவை அங்கே விட்டுவைப்பது கெட்ட பழக்கம்.

வெப்பம் ஏன் பகை? புகையற்ற மருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மிக மெதுவாகச் சிதைந்து அமிலத்தன்மையுள்ள வாயுக்களை விடும். அந்த வாயுக்களைப் பிடித்துக்கொள்ள டைஃபினைலமின் போன்ற நிலைநிறுத்தியை மருந்தில் சேர்த்திருப்பார்கள். வெப்பம் கூடக்கூடச் சிதைவும் வேகமாகும். நிலைநிறுத்தியும் விரைவில் தீர்ந்துபோகும். நல்ல இடத்தில் பல பத்தாண்டுகள் தாங்கும் மருந்து, சூடான பரணில் அவ்வளவு நாள் தாங்காது.

பலரும் கவனிக்காத இன்னொரு பகை அமோனியா. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளில் யாரும் தொடாமலேயே வெடிப்பு விழுந்தது. பருவத்தையொட்டி வந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றார்கள். காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருக்கின்றன. உறையைப் பதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாயிற்று.

இன்று நம் வீட்டில் லாயம் இல்லை. ஆனால் அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், தரை துடைப்பான், பித்தளை மெருகு, பூனையின் மணல் தட்டு எல்லாம் உண்டு. அவை இருக்கும் அலமாரியிலோ அறையிலோ தோட்டா வேண்டாம். உறைகளைப் பளபளப்பாக்க அமோனியா உள்ள மெருகைத் தொடவே கூடாது. மங்கிய பித்தளையால் ஒரு கெடுதலும் இல்லை.

7. அடுக்கும் வரிசை

பெரும்பாலோர் அளவுவாரியாக அடுக்குவார்கள். நான் துப்பாக்கிவாரியாக அடுக்கச் சொல்வேன். ஒரு தட்டு ஒரு துப்பாக்கிக்கு. ஒரே அளவில் இரண்டு ரைஃபிள் இருந்தால் இரண்டு தட்டு. மேலே சொன்ன .38 பெட்டிக்குத் தன் இடம் இருந்திருந்தால், சீட்டு தவறினாலும் இடம் காப்பாற்றியிருக்கும். ஒவ்வொரு தட்டிலும் பழைய தொகுதி முன்னால், புதியது பின்னால். எடுக்கும்போது முன்னாலிருப்பதையே எடுங்கள்.

சில இணைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே கூடாது. .300 பிளாக்அவுட் என்பது .223 உறையை வெட்டிச் சுருக்கி உருவாக்கப்பட்டது. இரண்டும் ஒரே மேகசினில், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூட்டில், நிற்கும். பிளாக்அவுட்டின் குண்டு 0.308 அங்குலத் தடிமன்; .223 குழலோ 0.224 அங்குலக் குண்டுக்கானது. குண்டின் வடிவத்தைப் பொறுத்துச் சில தோட்டாக்கள் .223 சேம்பருக்குள் போய் மூடிக்கொள்ளும். சுட்டால் ரைஃபிள் வெடித்துச் சிதறும். இந்த இரண்டும் வைத்திருப்பவர்கள் வேறு அலமாரி, வேறு நிற மேகசின், வேறு பை என்று எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஷாட்கன் தோட்டாவில் 12, 20 கேஜ் இணை இதே அளவு ஆபத்தானது. கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் பெரிதானால் குழல் சிறிது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கி இறங்கி, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்ப்பவருக்குச் சேம்பர் காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். அமெரிக்க நிறுவனங்கள் 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறத்தை ஒதுக்கியதே இதைத் தடுக்கத்தான். நீங்களும் மஞ்சள் உறையை மட்டுமே 20 கேஜுக்குப் பயன்படுத்துங்கள்.

8. மருந்தும் பிரைமரும் தனித்தனியே

அடைத்த தோட்டா, மருந்து, பிரைமர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது. மருந்து எப்போதும் நிறுவனம் தந்த குப்பியிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் அந்தக் குப்பி எளிதில் திறந்துகொண்டு அழுத்தத்தை வெளியே விடும்படி அமைந்தது. கண்ணாடிப் புட்டிக்கோ இறுக்கமான இரும்புக் குழாய்க்கோ மாற்றினால், எரிந்து தீர வேண்டிய மருந்து அடைபட்டு வெடிக்கும். இதே காரணத்தால் மருந்தைக் கனமான துப்பாக்கிப் பெட்டகத்துக்குள்ளும் வைக்கக் கூடாது.

பிரைமரும் அதன் தொழிற்சாலை அட்டையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி விட்டு அந்த அட்டையை வடிவமைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு புட்டியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும்.

அளவுக்கு ஒரு நல்ல எல்லைக்கோடு அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பு. அதன்படி வீட்டில் 20 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 கிலோ, புகையற்ற மருந்தை அசல் குப்பிகளில் வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதானால் குறைந்தது 1 அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி அல்லது மர அலமாரி வேண்டும். பிரைமர் 10,000க்கு மிகக் கூடாது. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். புதியவருக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

தீயில் தோட்டா என்ன செய்யும் என்று வீட்டார் கேட்பார்கள். பதில் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் தோட்டா தீயில் வெந்தால் பித்தளை உறை கிழியும். அதன் துண்டுகள் சிறிது தூரம் தெறிக்கும். குண்டு பொதுவாக அதிகம் நகராது. துப்பாக்கிச் சேம்பருக்குள் இருக்கும் தோட்டா மட்டும் அப்படியல்ல. குழலின் திசையில் உண்மையாகவே சுடும். துப்பாக்கியை ஒருபோதும் நிரப்பி வைக்காமல் இருக்க இது இன்னொரு காரணம். தீயணைப்பு வீரர்கள் வந்தால், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

9. பூட்டு

தோட்டா அலமாரிக்குத் தனிப் பூட்டு, துப்பாக்கிக்குத் தனிப் பூட்டு, இரண்டு சாவியும் வேறு வேறு இடத்தில். குழந்தைகள் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும், விருந்தினர் வருவார்கள் அல்லவா. மேசையில் பாதி வேலையோடு எழுந்து போவதானால்கூட அறையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

10. சுடுதளத்துக்குப் போய்த் திரும்பும்போது

குழப்பம் மிகுதியும் நுழைவது இந்த நேரத்தில்தான். அன்றைக்குத் தேவையான பெட்டிகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மிச்சமுள்ளவை அதே பெட்டிக்கே திரும்ப வேண்டும். சட்டைப்பையில் ஒன்று, காரின் இருக்கைக்கு அடியில் ஒன்று என்று தங்கக் கூடாது. அப்படிக் கிடைத்த ஒற்றைத் தோட்டா எந்தத் தொகுதி என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், அது நல்ல பெட்டிக்குத் திரும்பும் உரிமையை இழந்துவிட்டது.

சேம்பரில் ஏற்றிவிட்டுச் சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவைக் கவனமாகப் பாருங்கள். பிஸ்டல்களில் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றும்போது குண்டின் மூக்கு இடிபட்டு உள்ளே நகரும். உறைக்குள் இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் தனியே எடுங்கள்.

11. சந்தேகப் பெட்டி

இதுவரை ‘தனியே எடுங்கள்’ என்று சொன்னவற்றுக்கெல்லாம் ஓர் இடம் வேண்டும். சிவப்பு நிறத்தில், பூட்டுள்ள, ‘சுடக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பெட்டியை வையுங்கள். பிரைமர் மேடு தட்டியவை, நீளம் குறைந்தவை, பெயர் தெரியாதவை, மற்றவர் அடைத்துக் கொடுத்தவை எல்லாம் இதற்குள்.

மற்றவர் அடைத்தது என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவர் தோட்டாவை நான் சுடுவதில்லை. என்னுடையதைக் கொடுப்பதும் இல்லை. அவருடைய துப்பாக்கிக்கு அளந்து அடைத்தது அவருக்குத்தான் பொருந்தும்.

சந்தேகப் பெட்டி நிரம்பும்போது, சுத்தியல் வடிவக் குண்டு இழுப்பான் கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். விளிம்பிலேயே பிரைமர் கலவை இருக்கும் .22 போன்ற தோட்டாக்களை அந்தக் கருவியில் ஒருபோதும் வைக்காதீர்கள். தட்டும் அதிர்ச்சியிலேயே வெடித்துவிடலாம். குண்டும் உறையும் திரும்பப் பயன்படும். பெயர் தெரியாத மருந்து பயன்படாது. அது என்னவென்று நிறத்தையும் துகளின் வடிவத்தையும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரிக்கும் கருவியோ பழக்கமோ இல்லாதவர்கள் காவல் நிலையத்திலோ சுடுதளத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். குப்பையில் போடுவதும் புதைப்பதும் பல இடங்களில் சட்டப்படியும் தவறு, மனிதத்தன்மையும் அல்ல. தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. பல தோட்டாக்கள் நாள்கணக்கில் ஊறிய பின்னும் வெடிக்கும்.

12. ஆறு மாதத்துக்கு ஒரு முறை

எல்லாப் பெட்டியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். உறையில் பச்சை படிந்திருக்கிறதா, கழுத்தில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறதா, சீட்டு மங்கியிருக்கிறதா, சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். லேசான மங்கல் பரவாயில்லை. நகத்தால் சுரண்டினால் குழி தெரியும் அரிப்பு இருந்தால் சந்தேகப் பெட்டி. கழுத்து வெடித்தால் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்திவையுங்கள். ஒரு உறைக்கு நேர்ந்தது அதே வயதுடைய மற்றவற்றுக்கும் நேரலாம்.

மருந்துக் குப்பிகளையும் திறந்து முகருங்கள். நல்ல மருந்தில் கரைப்பானின் லேசான வாசம் இருக்கும். மூக்கைச் சுடும் அமில நெடி, துருப்பொடி போன்ற செம்பழுப்புத் தூசு, குப்பியிலிருந்து எழும் பழுப்புப் புகை ஆகிய எதைக் கண்டாலும் அந்த மருந்து கெட்டுவிட்டது. அதை வீட்டுக்குள் வைத்திருக்கவே கூடாது. அந்தக் குப்பியிலிருந்து அடைத்த தோட்டாக்கள் எவை என்பதைக் குறிப்பேட்டில் தேடி அவற்றையும் பிரித்தெடுங்கள். சுடும்போது வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலைப் பாருங்கள். குண்டு உள்ளே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டா அதன் மேல் மோதினால் குழல் வெடிக்கும். அந்தத் தோட்டா வந்த பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைக்காமல் முழுவதுமாகச் சோதியுங்கள்.

இந்தச் சோதனை நாளில் இன்னொரு வேலையும் செய்துவிடலாம். ஒரே ஒரு தாளில், எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, சாவி எங்கே, உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் யாரை அழைத்து இவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். துப்பாக்கி பழகாத குடும்பத்தினரிடம் அடுக்கடுக்காகத் தோட்டாப் பெட்டிகளை விட்டுச் செல்வது அவர்களுக்குப் பெரும் பாரம். “அலமாரியைத் திறக்க வேண்டாம், எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று அந்தத் தாளின் முதல் வரியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சோதனையின்போதும் அதைப் புதுப்பித்துத் தேதி போட்டுக் கொடுங்கள்.